ஸ்கேன் மெஷினுக்கு எதற்கு வைரப்பொடி?

மச்சானுக்குக் குப்பம் பக்கத்தில் ஒரு கிரானைட் பட்டறையில் வேலை. குப்பம் ஆந்திராவில்தான் இருக்கிறது. ஆனால் சந்தையில் பாதிப் பேச்சு தமிழில் நடக்கும். மீதிப் பாதி தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும். அங்கே கல்லைப் புரட்டும்போது ஒருநாள் மச்சானுக்கு இடுப்பில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. முதலில் எண்ணெய் தேய்த்தார்கள், அப்புறம் புத்தூர்க் கட்டு, அதற்கும் அப்புறம் "எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துடுங்க" என்று டாக்டர் எழுதிய சீட்டு. ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் போய்க் காட்பாடியில் இறங்கி, வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம்.

உள்ளே விடுவதற்கு முன்னால், கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்ததா என்று மச்சானைக் கேட்டார்கள். வெல்டிங் வேலை, அறுவை வேலை செய்கிறவர்களிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. கண்ணுக்குள் தங்கிவிட்ட துகளை அந்தக் காந்தம் அசைத்துவிடும். பிறகு "கதலகண்டி, அசையாதீங்க" என்று இரண்டு மொழியிலும் சொல்லிப் படுக்க வைத்தார்கள். நாற்பது நிமிடத்துக்கும் மேல் ஆனது. மச்சான் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லவே இல்லை. கட்டிங் மெஷின் பக்கத்தில் பொழுதெல்லாம் நிற்கிறவருக்கு எம்.ஆர்.ஐ. சத்தம் தாலாட்டு மாதிரி. உள்ளே தூங்கியே போய்விட்டார். தூக்கத்தில் உடம்பை அசைத்ததால் ஒரு பகுதியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்ததும் அவர் கேட்டது இதுதான்: "எக்ஸ்ரே ஒரு நொடியில முடியுது மாமா. இது எதுக்கு இவ்ளோ நேரம்?"

அதற்குப் பதில் தேடிக்கொண்டு போனபோது, அவர் தினமும் கையாளும் சரக்கே வழியில் வந்து நின்றது. கிரானைட்டை அறுக்கும் பிளேடின் விளிம்பில் பதித்திருக்கிறார்களே செயற்கை வைரத் துணுக்கு, அதன் தம்பி போன்ற ஒரு பொடியை வைத்து எம்.ஆர்.ஐ. சிக்னலைப் பெரிதாக்கப் பார்க்கிறார்கள். அந்தப் பொடிக்கு நானோவைரம் என்று பெயர்.

முதலில் மச்சான் கேட்டதற்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ. நம் உடம்பில் படம் பிடிப்பது பெரும்பாலும் தண்ணீரையும் கொழுப்பையும்தான். அவற்றில் இருக்கும் ஹைட்ரஜன் அணுவின் கரு, அதாவது புரோட்டான், ஒரு சின்னஞ்சிறு காந்த ஊசி மாதிரி நடந்துகொள்கிறது. பெரிய காந்தத்துக்குள் உடம்பை நுழைத்தால் இந்த ஊசிகளில் சில காந்தப் புலத்தோடு சேர்ந்து நிற்கும், சில எதிர்த்து நிற்கும். சேர்ந்து நிற்பதில் கொஞ்சம் சுகம் அதிகம், அதாவது ஆற்றல் குறைவு. ஆனால் உடம்பின் சூடு எல்லாவற்றையும் சதா உலுக்கிக்கொண்டே இருப்பதால் அந்தச் சுகம் பெரிய வித்தியாசம் எதையும் செய்துவிடுவதில்லை.

எவ்வளவு வித்தியாசம் என்பதை ஒரு கூட்டத்தை வைத்துச் சொல்கிறேன். குப்பம் கங்கம்மா ஜாத்திரையில் பத்து லட்சம் பேர் ஒரே தெருவில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாதி கிழக்கே பார்த்துக் கத்துகிறது, இன்னொரு பாதி மேற்கே பார்த்துக் கத்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிச்சம் கேட்பது, எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தக் கூடுதல் ஆட்களின் குரல் மட்டும். சாதாரண ஆஸ்பத்திரிகளில் இருக்கும் 1.5 டெஸ்லா காந்தத்தில், உடம்பின் சூட்டில், அந்தக் கூடுதல் பத்து லட்சத்துக்குச் சுமார் 5 பேர். பூமியின் காந்தத்தைப் போல 30,000 மடங்குக்கும் மேற்பட்ட பலம் உள்ள காந்தம், திரவ ஹீலியத்தில் முக்கிக் குளிரவைத்த கம்பிச்சுருள், அத்தனை கோடி ரூபாய், எல்லாம் சேர்ந்து வாங்கித் தருவது பத்து லட்சத்தில் ஐந்து.

அப்படியும் படம் தெரிகிறது என்றால், உடம்பில் தண்ணீர் அவ்வளவு இருக்கிறது என்பதுதான் காரணம். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரிலேயே புரோட்டான் கணக்கு 6-க்குப் பின்னால் 22 சைபர் என்கிற அளவில் போகும். அதில் பத்து லட்சத்துக்கு ஐந்து என்றாலும் கணிசமான கூட்டம். ஆனால் சத்தம் மெல்லியது, கேட்கும் கருவியின் இரைச்சலோ அதிகம். ஆகவே திரும்பத் திரும்பக் கேட்டுச் சராசரி எடுக்கிறார்கள். இதில் ஒரு கொடுமையான கணக்கு இருக்கிறது: தெளிவு இரண்டு மடங்கு வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு ஆகும்; மூன்று மடங்குக்கு ஒன்பது. மச்சானின் நாற்பது நிமிடத்தில் ஒரு பங்கு அங்கேதான் போனது.

சரி, சிக்னலைக் கூட்ட என்ன வழி? இன்னும் பெரிய காந்தம் ஒரு வழி. 7 டெஸ்லா இயந்திரங்களுக்கு அமெரிக்காவில் 2017-இல் மருத்துவ அனுமதி கிடைத்தது. ஆனால் காந்தத்தைப் பெருக்கினால் ஐந்து பேர் இருபதுக்கும் சற்று மேல் ஆவார்கள், அவ்வளவே. செலவு மட்டும் அந்தக் கணக்கில் நிற்காது. இன்னொரு வழி, கூட்டத்தையே ஒரு பக்கம் திருப்பி நிறுத்துவது. காந்தம் அப்படியே இருக்கட்டும், பத்து லட்சத்தில் ஐந்துக்குப் பதிலாக ஆயிரக்கணக்கானவர்களை ஒரே திசையில் கத்த வைத்தால்? ஹைப்பர்போலரைசேஷன் என்று சொல்வது இதைத்தான்.

கூட்டத்தைத் திருப்புவதற்கு எலெக்ட்ரானின் உதவி வேண்டும். எலெக்ட்ரானும் ஒரு காந்த ஊசிதான். ஆனால் புரோட்டானைவிடச் சுமார் 660 மடங்கு பலமானது. அதே காந்தத்தில் எலெக்ட்ரான்கள் பல நூறு மடங்கு ஒழுங்காக நிற்கும். அந்த ஒழுங்கை நுண்ணலை (மைக்ரோவேவ்) மூலம் அணுக்கருவுக்குக் கைமாற்றலாம் என்று 1953-இல் ஆல்பர்ட் ஓவர்ஹாசர் கணித்துச் சொன்னபோது பெரிய பெரிய இயற்பியல் ஆசாமிகளே நம்பவில்லை. எலெக்ட்ரானைச் சூடேற்றினால் அணுக்கரு குளிர்ந்தது போல ஒழுங்காகும் என்கிற மாதிரிப் பேச்சு அது. யாருக்கும் இடிக்கத்தான் செய்யும். அதே வருடம் கார்வரும் ஸ்லிக்டரும் லித்தியம் உலோகத்தில் செய்து காட்டியதும் வாதம் அடங்கியது.

இதன் மருத்துவப் பயனுக்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 2003-இல் ஆர்டென்கியார்-லார்சன் குழு ஒரு வித்தை செய்தது. கார்பன்-13 (கருவுக்குக் காந்த குணம் உள்ள அபூர்வமான கார்பன் வகை) சேர்த்த ஒரு சேர்மத்தை மைனஸ் 272 டிகிரி அளவுக்கு உறையவைத்து, நுண்ணலை பாய்ச்சி ஒழுங்குபடுத்தி, சட்டென்று சுடுதிரவம் ஊற்றிக் கரைத்து வெளியே எடுத்தார்கள். சிக்னல் 10,000 மடங்குக்கும் மேல் கூடியது. இந்த முறையில் பைருவேட் என்ற பொருளைத் தயார் செய்து, புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்குச் செலுத்தி எடுத்த படங்கள் 2013-இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வெளியாயின. புற்றணுக்கள் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும் வேகத்தை அதில் நேரடியாகப் பார்க்க முடிந்தது.

குறை என்னவென்றால் அவசரம். திரவத்தில் கார்பன்-13 அந்த ஒழுங்கை ஒரு நிமிடம் காப்பாற்றினால் அதிகம். கரைத்த நொடியிலிருந்து ஓட்டம்தான்: சோதித்து, ஊசியில் ஏற்றி, உடம்பில் செலுத்தி, படம் பிடித்தாக வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பதநீர் தெரியும். மரத்திலிருந்து இறக்கியதும் குடித்தால் தேன், வெயில் ஏறவிட்டால் புளிப்பு. பைருவேட் அந்தப் பதநீர். காய்ச்சிக் கருப்பட்டியாக்கினால் மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாமே, அப்படி ஒரு கருப்பட்டி எம்.ஆர்.ஐ.க்குக் கிடையாதா? வைரம் உள்ளே வரும் இடம் இதுதான்.

வைரம் முழுக்கக் கார்பன். அதில் நூற்றுக்கு 99 பங்கு கார்பன்-12. அதன் கருவுக்குக் காந்த குணமே கிடையாது, ஊமை. மிச்சம் 1.1 சதவீதம்தான் கார்பன்-13. ஊமைகள் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்திருக்கும் இந்த கார்பன்-13 கருக்களை, கெட்டியான படிகத்துக்குள், தொந்தரவு செய்ய ஆளில்லை. திரவத்தில் போல மூலக்கூறுகள் புரண்டு மோதிக்கொண்டிருப்பதும் இல்லை. ஆகவே ஒருமுறை ஒழுங்குபடுத்தினால் அது நெடுநேரம் நிற்கும். சிட்னி பல்கலைக்கழகத்தில் டேவிட் ரைலியின் குழு 2015-இல் செயற்கை நானோவைரத்தில் இதைச் செய்து காட்டியது; ஒழுங்கு நின்ற நேரம் ஒரு மணியையும் தாண்டியது. ஒரு நிமிடம் எங்கே, ஒரு மணி நேரம் எங்கே. தவிர, உடம்பில் இயற்கையாக உள்ள கார்பன்-13 சாதாரண நிலையில் தரும் சிக்னல் மிகமிகக் குறைவு. எனவே வைரத்தின் குரல் மட்டும் இருட்டில் விளக்கு மாதிரித் தனியாகத் தெரியும்.

ஆனால் தூய வைரம் இதற்கு உதவாது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நம் ஊர்ப் பக்கம் வைரம் புதிதல்ல. 1720-களில் பிரேசிலில் கிடைக்கும்வரை உலகத்துக்கு வைரம் போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான், அதிலும் முக்கியமாகக் கிருஷ்ணா ஆற்றுப் படுகையின் கொல்லூர் போன்ற சுரங்கங்களிலிருந்து. இன்றைக்கும் முதல் மழை விழுந்ததும் கர்நூல் மாவட்டத்தில் துக்கலி, ஜொன்னகிரி வயல்களில் குடும்பம் குடும்பமாகக் குனிந்து கல் தேடுகிறார்கள். அனந்தபுரம் மாவட்டத்து வஜ்ரகரூருக்குப் பெயரே வஜ்ரத்தால் வந்தது. அந்தக் காலத்துக் கோல்கொண்டா வைரங்களின் பெருமை அவற்றின் நீரோட்டம். அதில் பல கற்களில் நைட்ரஜன் கலப்பு அநேகமாக இல்லை, அதனால்தான் அப்படி ஒரு தெளிவு என்று இன்று சொல்கிறார்கள். நம் முன்னோரும் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்துக்கு நான்கு குற்றம் வகுத்து, அவை இல்லாத கல்லைத்தான் உயர்ந்தது என்றார்கள்.

எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சிக்காரருக்கு வேண்டியதோ குற்றமுள்ள கல். கூட்டத்தைத் திருப்ப எலெக்ட்ரான் வேண்டுமென்று சொன்னேன் அல்லவா? குற்றமில்லாத வைரத்தில் எல்லா எலெக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்து, ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துக்கொண்டு கிடக்கும். எங்கே ஒரு குறை இருக்கிறதோ, கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறதோ, மேற்பரப்பில் பிணைப்பு அறுந்து தொங்குகிறதோ, அங்கேதான் ஜோடியில்லாத எலெக்ட்ரான் கிடைக்கும். ஒரு நைட்ரஜனும் அதை ஒட்டி ஒரு காலியிடமும் சேர்ந்தால் இன்னும் விசேஷம். அந்தக் குறையின் மீது பச்சை லேசர் ஒளி அடித்தால் அது சிவப்பாக ஒளிரும். அதோடு அதன் எலெக்ட்ரான்கள் சாதாரண அறைச் சூட்டிலேயே, எந்தக் குளிரூட்டலும் இல்லாமல், ஒரே நிலைக்கு வந்து வரிசையாக நின்றுவிடும். மைனஸ் 272 டிகிரிக்குப் போய்ச் செய்த வேலையை ஒரு விளக்கு வெளிச்சம் செய்கிறது. பட்டறை பிளேடில் இருக்கும் செயற்கை வைரம் மஞ்சளாக இருப்பதும் நைட்ரஜனால்தான். நகைக்கடைக்காரர் ஒதுக்கும் நிறம் அது.

லேசர் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. நைட்ரஜனும் காலியிடமும் சேர்ந்த ஜோடிக்கு ஒரு திசை இருக்கிறது. பெரிய ஒற்றைக் கல் என்றால் அதைத் திருப்பிக் காந்தத்தோடு நேராக வைக்கலாம். பொடியில் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். பெர்க்லியில் அசோக் அஜோய், அலெக்ஸ் பைன்ஸ் முதலியோர் 2018-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பலவீனமான காந்தப் புலத்தில் பச்சை ஒளியை அடித்துக்கொண்டே நுண்ணலையின் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனால், எந்தத் துகள் எந்தப் பக்கம் பார்த்தாலும் தன் முறை வரும்போது மாட்டிக்கொள்ளும். அவர்கள் முதலில் காட்டியது நானோ அளவில் இல்லை, அதைவிட மிகப் பெரிய துகள்களில். பொடி நுணுக்கமாக ஆக ஆகக் கஷ்டம் கூடும்.

ஏன் கூடும்? துகள் சின்னதானால் அதன் பருமனோடு ஒப்பிட மேற்பரப்பு அதிகமாகிவிடும். மேற்பரப்பில்தான் அறுந்த பிணைப்புகளும் தனி எலெக்ட்ரான்களும் கூட்டமாக இருக்கின்றன. உள்ளே கார்பன்-13 சேர்த்து வைத்த ஒழுங்கை அவை ஓட்டைக் குடம் போலக் கசியவிட்டுவிடும். ஒழுங்கை ஏற்றித் தருவதும் குறை, இறக்கிவிடுவதும் குறை. எந்தக் குறை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் இந்த ஆராய்ச்சியின் பாதி உழைப்பு போகிறது.

மேற்பரப்பு எலெக்ட்ரான் தொல்லையையே லாபமாக்கிக்கொண்ட வழியும் ஒன்று இருக்கிறது. வாடிங்டனும் ரைலியும் பாஸ்டனைச் சேர்ந்த மேத்யூ ரோசனும் இன்னும் சிலரும் 2017-இல் செய்தது அது. வைரத்துக்குள் இருக்கும் கார்பனை விட்டுவிட்டார்கள். நானோவைரத்தைத் தண்ணீரில் கலந்து, அதன் மேற்பரப்பு எலெக்ட்ரான்களின் ஒழுங்கை, உரசிப் போகும் தண்ணீரின் புரோட்டான்களுக்கு ஓவர்ஹாசர் முறையில் மாற்றினார்கள். ரேடியோ அலையைப் போட்டு ஒரு படம், அணைத்து ஒரு படம். இரண்டுக்கும் எங்கே வித்தியாசம் தெரிகிறதோ அங்கே வைரம் இருக்கிறது. இதில் கெட்டுப்போகும் சரக்கே இல்லை. பதநீரும் வேண்டாம், கருப்பட்டியும் வேண்டாம். மரத்தடியிலேயே உட்கார்ந்து வேண்டும்போது இறக்கிக்கொள்வது போல.

அவர்கள் பயன்படுத்திய காந்தத்தின் பலம் 6.5 மில்லி டெஸ்லா. ஆஸ்பத்திரிக் காந்தத்தில் 230-இல் ஒரு பங்கு. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு. இது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. எலெக்ட்ரானை அசைக்க வேண்டிய அலையின் அதிர்வெண் காந்தத்தோடு சேர்ந்தே ஏறும். 1.5 டெஸ்லாவில் அது சுமார் 42 கிகாஹெர்ட்ஸ். அந்த நுண்ணலை உடம்புக்குள் ஆழமாகப் போகாது, தோலைத்தான் சுடவைக்கும். 6.5 மில்லி டெஸ்லாவிலோ சுமார் 180 மெகாஹெர்ட்ஸ், நம் எஃப்.எம். ரேடியோ அலைவரிசைக்குக் கொஞ்சம் மேலே. அது உடம்புக்குள் நன்றாகப் போய் வரும். ஆக, இந்த வித்தை விலை உயர்ந்த பெரிய மெஷினில் செய்வதைவிட ஏழை மெஷினில் செய்வதே சுலபம்.

எனக்கு இதில் ஆசை உண்டாகும் இடம் இதுதான். பலவீனமான காந்தத்தோடு, ஹீலியம் இல்லாமல், சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகக்கூடிய 64 மில்லி டெஸ்லா மூளை ஸ்கேனருக்கு அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கிடைத்திருக்கிறது. அதில் வைரம் எதுவும் இல்லை. படமும் பெரிய மெஷின் அளவுக்குத் தெளிவாக இராது. குறைந்த புலத்தில் சிக்னலை உயர்த்தும் உபாயம் எது வந்தாலும் அது முதலில் குப்பம், வாணியம்பாடி மாதிரி ஊர்களுக்குத்தான் பிரயோஜனம். பெருநகரத்துக்காரருக்கு 3 டெஸ்லா மெஷின் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும்.

ஆசைப்பட்டதோடு அளவையும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன ஓவர்ஹாசர் படங்கள் தண்ணீரில் கலந்த வைரத்தை எடுத்தவை, நோயாளியை அல்ல. நானோவைரம் செல்களுக்கு அதிகம் கெடுதல் செய்வதில்லை என்று பல சோதனைகள் காட்டுகின்றன. வைரப்பொடி விஷம் என்ற பழைய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் ரத்தத்தில் விட்ட நுண்துகள் எதுவானாலும் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும், வைரமோ கரையாது, மக்காது. மருந்தைச் சுமந்து செல்லும் வண்டியாக அதைப் பயன்படுத்தி, வண்டி எங்கே போகிறது என்று எம்.ஆர்.ஐ.யில் பார்க்கலாம் என்பதே ஆராய்ச்சியாளர்களின் முக்கியக் கனவு. அதற்கு, போன வண்டி பிறகு என்னவாகிறது என்பதற்கும் பதில் வேண்டும். பச்சை லேசர் ஒளியும் உடம்புக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் உருப்படியாகப் போகாது. வெளியே ஒழுங்குபடுத்தி உள்ளே அனுப்பினால்தான் உண்டு.

இதைவிட நேரான ஒரு வழியும் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சிலருக்கு ஊசியில் ஏற்றும் மருந்தில் கடோலினியம் இருக்கும். அதை நானோவைரத்தோடு பிணைத்தால் அதே அளவு கடோலினியம் பத்து மடங்குக்கும் மேல் வேலை செய்கிறது என்று 2010-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். அங்கே வைரம் வெறும் முதுகு. சுமப்பது மட்டுமே அதன் வேலை. வித்தை குறைவு, ஆனால் ஆஸ்பத்திரிக்கு முதலில் வருவது இப்படிப்பட்ட சாதுவான வழியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இடையில் யாராவது "வைர ஸ்கேன்" என்றோ, வைர பற்பம் சாப்பிட்டு ஸ்கேன் எடுத்தால் நோய் பளிச்சென்று தெரியும் என்றோ சொன்னால் பர்ஸை மூடி வைத்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் எந்தப் பொடியும் இந்த வேலையைச் செய்யாது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு திண்ணையில் சாய்ந்தபடி கேட்டார். டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, மூன்று மாதம் கல் தூக்கக் கூடாது என்பது ரிப்போர்ட்டின் சாரம். பத்து லட்சத்தில் ஐந்து பேர் கதையைவிட அவருக்குப் பிடித்தது குற்றமுள்ள வைரத்தின் கதைதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ எங்க பட்டறைச் சாக்கடையில போகுதே மாமா, பிளேடு தேஞ்ச தண்ணி, அதை வடிகட்டினா...?" என்றார்.

வடிகட்டினால் பெரும்பாலும் கல்மாவுதான் கிடைக்கும் என்றேன். பிளேடில் பதித்திருக்கும் வைரம் நைஸ் ரவை அளவு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்கேனுக்கென்று நான் சொன்ன பொடி அதைவிட நாலாயிரம் மடங்கு சின்னது. அதிலிருந்து உலோகத்தை ஆசிடில் கழுவி, அரைத்து, அளவுவாரியாகப் பிரித்து...

"சரி விடு மாமா," என்றார். "அதுக்குப் புது பிளேடே வாங்கிடலாம்."